சலானின் முதுகில் இருந்த ரசீது எண்கள்

அந்தப் பில் கலெக்டர் கூட்டமர்வுக்கு வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார். ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பணிக்கொடை வந்து சேரவில்லை. காரணம் நான் எழுதிய ஒரு தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபம். அவர் வசூல் செய்த பணத்தில் ரூ.41,300 பேரூராட்சிக் கணக்கில் ஏறவில்லை என்று மூன்று வருடம் முன்பு எழுதியிருந்தேன்.

நான் அரசுத் தணிக்கையில் துணை ஆய்வாளராகச் சேர்ந்தவள். சொந்த ஊர் தேவகோட்டை. வேலை பார்த்ததும் பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் தணிக்கைத் தாள் எப்படி எழுதுவது என்று கேட்டால் விதிப் புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். எந்தப் பேரூராட்சி என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கூட்டமர்வு என்றால், தணிக்கை எழுதியவர்களும் அந்த அலுவலகத்துக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிலுவையில் கிடக்கும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசித் தீர்ப்பது. அறிக்கையில் இந்தத் தடை இருந்த பத்தி வந்ததும் என் மேலதிகாரி திரும்பி, "எந்த ரசீதுப் புத்தகம்மா?" என்று கேட்டார். நான் என் தணிக்கைக் கோப்பைத் திறந்தேன். தாளில் இருந்தது இவ்வளவுதான்: "ரசீதுகள் சரிபார்க்கப்பட்டன. வசூல் ரூ.3,86,450. வங்கியில் செலுத்தியது ரூ.3,45,150. குறைவு ரூ.41,300." கீழே என் சுருக்கொப்பம்.

எந்தப் புத்தகம், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, எந்த வங்கிக் கணக்கு, பார்த்தது அசலா நகலா, என்றைக்குப் பார்த்தேன், எதுவுமே இல்லை. கூட்டல் சரி. அது எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டு முறை போட்டுப் பார்த்திருந்தேன். ஆனால் எதைக் கூட்டினேன் என்பதை என்னாலேயே சொல்ல முடியவில்லை. ரசீதுப் புத்தகங்கள் இருந்த கட்டைக் கொண்டுவரச் சொன்னோம். பதிவறையில் கரையான் ஏறி, மேலட்டை தவிர மற்றது மண்ணாகியிருந்தது.

பில் கலெக்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அம்மா, நான் சலான் முதுகுல ரசீது நம்பர் எழுதிப்போடுற ஆளு. அடிக்கட்டை எங்கேயாவது இருக்கும். தேடிப் பார்க்கச் சொல்லுங்க." குரலை உயர்த்தவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் நானே அந்தப் பதிவறையில் உட்கார்ந்தேன். மதியம் மூன்று மணி சுமாருக்குக் குடிநீர்க் கணக்கு என்று எழுதிய ஒரு கட்டு கிடைத்தது. அதில் இரண்டு சலான் அடிக்கட்டைகள். ஒன்று ரூ.26,800, இன்னொன்று ரூ.14,500. கூட்டினால் 41,300. திருப்பிப் பார்த்தால் நீல மையில், சின்னக் கையெழுத்தில், ரசீதுப் புத்தக எண், அதற்குக் கீழே முதல் ரசீது எண், கடைசி ரசீது எண். அந்தக் காலத்துக் குடிநீர்க் கணக்குப் பாஸ்புக்கையும் தேடி எடுத்தோம். இரண்டு தொகையும் அந்தந்தத் தேதியிலேயே ஏறியிருந்தன.

நடந்தது இதுதான். அவர் ஒரே புத்தகத்தில் சொத்து வரிக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் ரசீது போட்டிருக்கிறார். அப்படிப் போட்டிருக்கக் கூடாது, அது முறைகேடு. ஆனால் கையாடல் இல்லை. நான் ரசீது எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டிவிட்டு, பொதுக் கணக்கின் பாஸ்புக்கோடு மட்டும் ஒப்பிட்டிருக்கிறேன். குடிநீர்ப் பணம் போன கணக்கை நான் கேட்கவே இல்லை.

அன்று ராத்திரி இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். என் தாளில் "ஒப்பிட்ட ஆவணம்: பொதுக் கணக்குப் பாஸ்புக், பக்கம் இத்தனை முதல் இத்தனை வரை" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், எழுதும்போதே கை நின்றிருக்கும். பொதுக் கணக்கு என்றால் மற்ற கணக்கு எங்கே என்று தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றாவிட்டாலும் தாளைச் சரிபார்த்தவருக்குத் தோன்றியிருக்கும். "வங்கியில் செலுத்தியது" என்று பொத்தாம்பொதுவாக எழுதியதால் ஓட்டை மூடிக்கொண்டது. சான்று எங்கிருந்து வந்தது என்று எழுதுவதைக் கோப்பு அடுக்கும் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். யோசிக்கும் வேலையே அங்கேதான் நடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

எங்கள் வீட்டில் இது தெரியாத விஷயமும் இல்லை. ஐயா, அதாவது என் தாத்தா, பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்; தொழில் பார்க்கக் கடல் தாண்டிப் போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்தக் காலத்து லேவாதேவிக் கடைகளில் முதலாளி இங்கே செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்தும் ஏஜென்ட் மூன்று வருடக் கணக்கில் போவார், அப்புறம் அடுத்தவர் போய்ப் பொறுப்பு வாங்குவார். முதலாளி கடல் தாண்டிப் போய் ஒவ்வொரு சீட்டையும் பார்க்க முடியாது. புதிதாகப் போகிறவருக்கும் பழையவர் பக்கத்திலேயே உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். ஏடுதான் பேச வேண்டும். அன்றாடம் எழுதும் குறிப்பு, அதிலிருந்து ஆள்வாரியாகப் பெயர்க்கும் பேரேடு, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஐந்தொகை. ஐந்தொகையில் ஒரு தொகை உறுத்தினால் பேரேட்டுக்குப் போகலாம், பேரேட்டிலிருந்து குறிப்புக்குப் போகலாம், குறிப்பிலிருந்து அன்றைய சீட்டுக்கு.

அப்பச்சி, அதாவது என் அப்பா, தேவகோட்டையில் வைத்திருந்தது சின்ன பலசரக்குக் கடைதான். ஆனாலும் எழுதும் முறை மாறவில்லை. ராத்திரி கடை அடைத்து வந்து வீட்டுக் கூடமான பட்டாலையில் உட்கார்ந்து குறிப்பை எடுப்பார். ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் 'பே' என்று போட்டுப் பக்கம் எழுதுவார். பேரேட்டில் அதே தொகைக்குப் பக்கத்தில் 'கு' என்று போட்டுத் தேதி எழுதுவார். இரண்டு பக்கமும் எழுதி முடித்த பிறகுதான் பேனாவை மூடுவார். "ஒரு பக்கம் மட்டும் எழுதினா பாதி வழிதான் தாயி, போனவன் திரும்பி வரணும்ல" என்பார். பத்து வயதில் கேட்டதை நாற்பது வயதில், ஒருத்தருடைய பணிக்கொடையை நிறுத்தி வைத்த பிறகு, திரும்ப நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான் எழுதும் தாளே வேறு மாதிரி ஆகிவிட்டது. தாளின் தலையில் அலுவலகம், நிதியாண்டு, என்ன பார்க்கிறேன் என்பது. அதற்குக் கீழே "எதிலிருந்து" என்று ஒரு வரி. இந்த வரியைத்தான் முதலில் நிரப்புவேன், தொகையை அப்புறம். பதிவேட்டின் பெயர், தொகுதி, பக்கம், செலவுச்சீட்டு என்றால் எண்ணும் மாதமும், அசலா நகலா, யார் எடுத்துக் கொடுத்தார்கள், என்றைக்கு. பிறகு எத்தனை பார்த்தேன், மொத்தம் எத்தனை இருந்தன என்பது. 412 சீட்டில் 60 பார்த்தேன் என்றால் அந்த 60-ஐ எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்றும் எழுதுவேன். பெரிய தொகையாகப் பொறுக்கினேனா, ஏழுக்கு ஒன்றாக எடுத்தேனா என்று தெரியாவிட்டால், மீதி 352-ஐப் பற்றி என் தாள் என்ன சொல்கிறது என்று யாருக்கும் புரியாது. டிக் போட்டால் அந்த டிக் எதைக் குறிக்கிறது என்று அதே தாளின் அடியில் சொல்லிவிடுவேன். ஒற்றை டிக் கூட்டல் பார்த்ததற்கு, டிக்கும் அடிக்கோடும் அசல் சீட்டோடு ஒப்பிட்டதற்கு. வெறும் டிக் மட்டும் இருக்கும் தாள் எழுதியவருக்கே ஆறு மாதத்தில் அந்நியமாகிவிடும்.

எண் கொடுக்கும் முறை அவரவர் வசதி. நான் வரவுக்கு 'ஆ', செலவுக்கு 'இ', பணிகளுக்கு 'ஈ' என்று வைத்துக்கொண்டேன். பணிகளில் மூன்றாவது வேலையின் இரண்டாவது தாள் என்றால் ஈ-3/2. அறிக்கையின் வரைவில் ஒவ்வொரு தொகையின் பக்கத்திலும் பென்சிலால் அந்த எண். அந்தத் தாளின் ஓரத்தில் "அறிக்கைப் பத்தி 12" என்று திரும்பி வரும் வழி. அப்பச்சியின் 'பே'யும் 'கு'வும்தான், வேறொன்றும் இல்லை. எதை மாற்றினாலும் இந்த இரண்டு பக்க எழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வரைவு கைமாறும்போது பத்தி எண் மாறும். பத்து பத்தி எட்டாகும், இரண்டை ஒன்றாகச் சேர்ப்பார்கள். கடைசிப் பிரதி போகும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி எல்லா எண்ணையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பது நல்லது. நான் அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

நகல் விஷயத்தில் இன்னொரு சங்கடம். ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைத்தால் சான்று ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். எந்தக் கோப்பின் எந்தப் பக்கம் என்று அதன் மேல் எழுதாவிட்டால் அது வெறும் காகிதம். முடிந்தவரை அலுவலகத்தாரிடமே "மெய்நகல்" என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்கிவிட வேண்டும். தடை எழுதுவதற்கு முன்னால் கேட்டால் சாதாரணமாகப் போட்டுத் தருவார்கள். தடை எழுதிய பிறகு கேட்டுப் பாருங்கள், முத்திரை இருக்கும் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்றே அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுக்கும் எக்செல் பட்டியலும் அப்படித்தான். கோப்பின் பெயர், எடுத்துக் கொடுத்தவர், எடுத்த தேதி, நேரம், மொத்த வரிகள், மொத்தத் தொகை ஆகியவற்றைத் தாளில் குறித்துவிட்டுத்தான் அதில் கை வைப்பேன். வடிகட்டிப் பார்ப்பதெல்லாம் தனிப் பிரதியில். கொடுத்த பிரதி கொடுத்தபடியே இருக்கும்.

செட்டிநாட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிப் பாடம் இருக்கிறது. அது எனக்கு ஒரு பேவர் பிளாக் சாலையில் கிடைத்தது. அளவுப் புத்தகத்தில் நீளம் 212 மீட்டர். உதவிப் பொறியாளரைக் கூட வைத்துக்கொண்டு நாங்கள் டேப் பிடித்தால் 187. குறைவு 25 மீட்டர், அகலம் 3 மீட்டர், ஆக 75 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ரூ.640 வீதம் ரூ.48,000 கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம். பதில் வந்தபோது, போட்டோவில் இருப்பது அந்தத் தெருவே இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

போட்டோவை எடுத்துப் பார்த்தேன். நீள மதில், நடுவில் ஒரு பெரிய மரக் கதவு, எதிர்ப்பக்கமும் நீள மதில். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எங்கே போனாலும் தெரு அப்படித்தான் இருக்கும். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். அதனால் ஒரு தெரு முழுக்க வெறும் பின்மதிலாகவே இருக்கும். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், சாட்சி கேட்க ஆளும் இருக்காது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எந்தத் தெரு என்று நானே சத்தியம் செய்ய முடியாது என்று தோன்றியது.

மறுபடி போனோம். இந்தத் தடவை ஊருணிக் கரை முனையில் டேப்பின் பூஜ்ஜியம் தெரியும்படி முதல் படம். அதில் தெருப் பெயர்ப் பலகையும் மின்கம்ப எண்ணும் விழும்படி எடுத்தோம். அங்கிருந்து நடந்துகொண்டே ஒவ்வொரு வளைவிலும் கதவு எண்ணோடு ஒரு படம். கடைசியில் டேப் முடியும் இடம். போனிலேயே தேதியும் இருப்பிடமும் படத்தின் மேல் பதியும்படி வைத்தோம். பிறகு ஒரு தாளில் தெருவைக் கோட்டுப் படமாகப் போட்டு, எந்தப் படம் எங்கே நின்று எடுத்தது, எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று அம்புக்குறி போட்டு, ஈ-3/4 என்று எண் கொடுத்தேன். அதன் அடியில் உதவிப் பொறியாளரும் நானும் அங்கேயே, ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துக் கையெழுத்துப் போட்டோம். பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்த வருடம் அந்தத் தொகை ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையிலிருந்து பிடித்தமாகி வந்தது. கூட்டு ஆய்வில் கையெழுத்தை அந்த இடத்திலேயே வாங்கிவிடுங்கள். அலுவலகத்துக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் நாலு போன் வந்திருக்கும்.

வாய்மொழியாகச் சொல்வதையும் எழுதிவிடுவேன். யார், என்ன பதவி, எந்த நாள், என்ன கேட்டேன், என்ன சொன்னார். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டி, "இதுதானே சொன்னீங்க?" என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவேன். போட மறுத்தால் மறுத்தார் என்றும் எழுதுவேன். ஆனால் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஒரு பத்தியும் எழுதுவதில்லை. அது வழி காட்டும், அந்த வழியில் போய்க் காகிதத்தை எடுக்க வேண்டும்.

அப்புறம், கிடைக்காத ஆவணம். "பதிவேடு முன்வைக்கப்படவில்லை" என்று எழுதுவது ரொம்பச் சுலபம். அது ஒரு அலுவலர் மேல் வைக்கும் குற்றச்சாட்டு என்பதை மறந்துவிடுகிறோம். எப்போது கேட்டேன், எழுத்தில் கேட்டேனா, யார் பெற்றுக்கொண்டு ஒப்பம் போட்டார், நினைவூட்டு எப்போது கொடுத்தேன் என்று நாலும் இருந்தால்தான் அந்த வாக்கியத்தை எழுத எனக்கு உரிமை உண்டு. ஆஃப் மார்ஜின் போடுவதன் பயனே அதுதான். தாளை நடுவில் மடித்து இடது பாதியில் நம் கேள்வி, வலது பாதியில் அவர்கள் பதில். கேள்வியும் பதிலும் ஒரே தாளில் இருப்பதால் பின்னால் வருபவர் இரண்டையும் சேர்த்தே படிப்பார். அவர்கள் பதில் நமக்குப் பாதகமாக இருந்தாலும் அந்தத் தாள் கோப்பில் இருந்தே ஆக வேண்டும். நமக்குச் சாதகமானதை மட்டும் கோத்து வைத்தால் அது தணிக்கைக் கோப்பு ஆகாது. நான் அந்தப் பில் கலெக்டருக்கு ஆஃப் மார்ஜின் கொடுக்காமலே விட்டவள். தணிக்கை முடிய இரண்டு நாள் இருந்தது, நேராகப் பத்தியாக எழுதிவிட்டேன். கொடுத்திருந்தால் குடிநீர்க் கணக்கைப் பாருங்கள் என்று அவரே வலது பாதியில் எழுதியிருப்பார்.

உலக நாடுகளின் அரசுத் தணிக்கை அமைப்புகள் சேர்ந்த இன்டோசாய் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நம் நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.யும் அதில் உறுப்பினர். அதன் தரநிலை 100-இல் தணிக்கை ஆவணங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பது எனக்குப் பிடிக்கும். அந்தத் தணிக்கையைப் பற்றி முன்னே ஒன்றும் தெரியாத, ஆனால் அனுபவமுள்ள ஒரு தணிக்கையாளர், தாள்களை மட்டும் பார்த்து என்ன வேலை நடந்தது, என்ன சான்று கிடைத்தது, ஏன் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு விவரம் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பர்மாக் கடையில் புதிதாக வந்து இறங்கும் ஏஜென்டும் அதே நிலைமையில்தான் பேரேட்டைத் திறந்திருப்பார்.

இப்போது நான் சரிபார்க்கும் இடத்தில் இருக்கிறேன். ஒரு சின்னப் பரீட்சை வைப்பேன். வரைவைக் கையில் எடுத்து ஏதாவது ஒரு தொகையின் மேல் விரலை வைத்து, அந்தத் தணிக்கைக்குப் போகாத ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து அசல் சீட்டு எது என்று கேட்பேன். எழுதியவர் பக்கத்தில் இருப்பார், வாய் திறக்கக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தால் பத்தி போகலாம். தவித்தால் திரும்பப் போய்த் தாளை முடித்துவிட்டு வர வேண்டியதுதான். கோபித்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு. "மேடம், நான்தான் சொல்றேனே" என்பார்கள். நீ மாற்றலாகிப் போன பிறகு யார் சொல்வது என்று கேட்பேன்.

பில் கலெக்டர் விஷயத்தை விட்டுவிட்டேன். அடிக்கட்டை, பாஸ்புக் இரண்டின் மெய்நகலையும் வைத்து, தடையை நீக்கலாம் என்று நானே பரிந்துரை எழுதினேன். புத்தகத்தைக் கலந்து எழுதிய முறைகேட்டைத் தனியாக, தொகை எதுவும் இல்லாமல் குறிப்பிட்டேன். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "கிடைச்சிருச்சுல்லம்மா, போதும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதத்தில் பணிக்கொடை வந்துவிட்டதாகப் பேரூராட்சி எழுத்தர் போனில் சொன்னார்.

என் பழைய தாள் மட்டும் மீதி இருந்தது. அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று கூட வேலை செய்த ஒருவர் சொன்னார். நான் அதன் மேல் ஒரு கோடுகூடப் போடவில்லை. அடியில் இருந்த காலி இடத்தில், இரண்டு சலான் எண், தேதி, குடிநீர்க் கணக்குப் பாஸ்புக் பக்கம், அடிக்கட்டையின் பின்புறம் உள்ள ரசீது எண்கள், மெய்நகல் இருக்கும் தாளின் எண் ஆ-4/3 என்று எழுதி, "முதல் ஒப்பீட்டில் குடிநீர்க் கணக்கு பார்க்கப்படவில்லை" என்று சேர்த்தேன். கையெழுத்துப் போட்டு, கீழே அன்றைய தேதியை எழுதினேன்.